தோட்டத்து விளக்கும் மண்ணடிக் கம்பியும்

மின்சாரக் கம்பியைப் பூமிக்குள் புதைத்துவிட்டால் அதன் அபாயமும் கூடவே புதைந்துபோகும் என்று நினைப்பது நம்மிடையே சர்வ சாதாரணமாகக் காணப்படுகிற ஒரு பிழை. வாசல் கேட்டின் இரு தூண்களிலும் விளக்கு வேண்டும், கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போகிற பாதையில் இரவில் வெளிச்சம் வேண்டும், மாமரத்தடியில் ஒரு விளக்கு இருந்தால் பார்வைக்கு அழகாக இருக்கும் என்றெல்லாம் வீட்டுக்காரர் ஆசைப்படுகிறார். கம்பியைத் தலைக்கு மேல் இழுத்துக் கட்டினால் துணி உலர்த்தும் கொடியைப் போலத் தொங்கும். காற்றடித்தாலோ கிளை முறிந்தாலோ அறுந்து விழும். ஆகவே மண்ணை அரை அடி ஆழத்துக்குக் கீறி, கைக்கு அகப்பட்ட வயரை ஒரு பி.வி.சி. பைப்பில் நுழைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அன்று மாலையே ஸ்விட்சைப் போட்டு விளக்கு எரிவதைக் கண்டு எல்லாரும் திருப்தியடைகிறார்கள். விளக்கு எரிவதே வேலை செம்மையாக நடந்திருப்பதற்கு அத்தாட்சி என்று கருதுகிறார்கள். ஆனால் அந்த வெளிச்சம், மின்சாரம் விளக்குவரை போய்ச் சேருகிறது என்பதை மட்டுமே நமக்குச் சொல்லுகிறது. வழியில் வேறு எங்கும் போகவில்லை என்பதை அது சொல்லுவதில்லை.

தலைக்கு மேல் போகிற கம்பியைக் குழந்தைகூடப் பார்க்கிறது. அறுந்து தொங்கினால் அண்டை வீட்டார் ஓடிவந்து சொல்லுகிறார்கள். மண்ணுக்குள் போன கம்பியோ, மூடிய மறுநாளே வீட்டுக்காரரின் ஞாபகத்திலிருந்து மங்கத் தொடங்கி, இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அடியோடு மறந்துபோகிறது. ஐந்தாறு வருஷங்கள் சென்றபின், ஒரு தென்னங்கன்றுக்குக் குழி எடுக்கவோ, அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயைத் தேடவோ, கல்யாணத்துக்குப் பந்தற்கால் நடவோ, அந்த வீட்டின் சரித்திரம் ஏதும் அறியாத ஒருவர் கடப்பாரையுடன் வருகிறார். அதற்குள் வீடே கைமாறியிருக்கலாம். கம்பி போட்ட வயர்மேன் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். வெறுங்காலுடன் ஈர மண்ணில் நின்று இரும்புக் கடப்பாரையை ஓங்குகிற அந்த முகமறியாத மனிதரின் பிராணன், இன்று நாம் எத்தனை அடி ஆழம் வெட்டுகிறோம், எந்தக் கேபிளை இடுகிறோம், அதன்மேல் எதைப் பரப்புகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. மண்ணடிக் கம்பி வேலையின் சாஸ்திரம் முழுவதும், ஆழ்ந்து யோசித்துப் பார்த்தால், அந்த ஒருவருக்கு நாம் முன்கூட்டியே சொல்லிவைக்கிற எச்சரிக்கைகளின் தொகுப்பே ஆகும்.

இந்தப் பாடத்தின் முதல் அத்தியாயத்தை உலகம் மின்விளக்கின் பால பருவத்திலேயே கற்றுக்கொண்டது. 1882 செப்டம்பர் 4ஆம் தேதி, நியூயார்க் நகரத்துப் பேர்ல் தெருவில் தாமஸ் எடிசன் தம்முடைய மின் நிலையத்தை இயக்கிவைத்தார். தந்திக் கம்பிகளும் டெலிபோன் கம்பிகளும் அந்நகரத்துத் தெருக்களின் மேல் வலைபோலப் பின்னிக் கிடந்த அந்தக் காலத்தில், தம்முடைய பிரதான கம்பிகளைத் தெருவுக்கு அடியிலேயே இடுவதென்று அவர் தீர்மானித்திருந்தார். இரும்புக் குழாய்களுக்குள் செப்புத் தண்டுகளை வைத்து, அவற்றைச் சுற்றிலும் தார் சேர்ந்த காப்புக் கலவையை நிரப்பி, குழாயோடு குழாயை இணைத்து, அவருடைய ஆட்கள் புதைத்தார்கள். அவ்வளவு சிரத்தையுடன் செய்த வேலையிலும், ஒருநாள் ஓர் இணைப்புப் பெட்டியில் கசிவு ஏற்பட்டு, ஈரமாயிருந்த மேல்மண்ணில் மின்சாரம் பரவி, அவ்விடத்தைக் கடக்க வந்த குதிரைகள் அதிர்ச்சியுற்றுத் துள்ளியதையும், வேடிக்கை பார்க்கச் சேர்ந்த ஜனக்கூட்டத்தால் தெருமுனையே அடைபட்டதையும் எடிசனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கசிந்த இடம் ஓர் இணைப்பு. பரவிய இடம் ஈர மண். அகப்பட்டுக்கொண்டவை நாற்கால் பிராணிகள். இம்மூன்று விவரங்களும் நம் வீட்டுத் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன. இதனால் கம்பியைப் புதைப்பது தவறு என்று ஆகிவிடவில்லை. 1888 மார்ச் மாதத்துப் பெரும் பனிப்புயலில் தெருவெங்கும் மேல்கம்பிகள் அறுந்து விழுந்ததைக் கண்டபின், அந்நகரமே கம்பிகளைப் பூமிக்குள் கொண்டுபோவதில் முனைந்தது. புதைப்பது நல்லது; புதைக்கத் தெரிந்து புதைப்பதே நல்லது.

உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. மண்ணில் இருக்கிற உப்புகள் நீரில் கரையும்போதுதான் அது மின்சாரத்துக்கு வழிவிடுகிறது. காப்பு கிழிந்த ஒரு கம்பி சித்திரை வைகாசி வெயிலெல்லாம் மண்ணுக்குள் சாதுவாகக் கிடந்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தன் சுபாவத்தைக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். கடலோரத்து உவர் மண்ணிலும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுகிற களிமண்ணிலும் இந்த அபாயம் அதிகம். கசிகிற இடத்திலிருந்து மின்சாரம் நாலாபுறமும் பரவும்போது, அதன் மின்னழுத்தம் கிட்டத்தில் மிகுதியாகவும் தூரம் செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்கிறபடியால், அந்த நிலத்தில் அடி வைப்பவரின் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே மின்னழுத்தத்தில் வித்தியாசம் உண்டாகிறது. அந்த வித்தியாசமே உடம்பின் வழியாக மின்சாரத்தைச் செலுத்துகிறது. பசுவுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் அதிகம், இருதயமோ அந்த வழியிலேயே இருக்கிறது. ஆகையால் மனிதனுக்கு ஒரு சுரீரென்ற உணர்ச்சி மாத்திரமே தோன்றுகிற இடத்தில் மாடு சுருண்டு விழுந்துவிடக்கூடும். மழை நாளில் பழகின பசுவோ நாயோ குறிப்பிட்ட ஓர் இடத்தை மிதிக்க மறுத்து மிரளுமானால், அதை வாயில்லாப் பிராணியின் பிடிவாதம் என்று அதட்டாமல், உடனே மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டுத்தான் வேறு வேலை பார்க்க வேண்டும்.

மனித உடம்பு எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதை அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலைப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் பல வருஷங்கள் பரிசோதித்து நிர்ணயம் செய்தார். மின்சாரம் பாயும் கம்பியைப் பற்றிய கையை ஒருவர் தாமாகவே விடுவித்துக்கொள்ளக்கூடிய எல்லை, சராசரியாக ஆண்களுக்குச் சுமார் 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று அவர் கண்டார். அதற்கு மேற்பட்டால் கையின் தசைகள் இறுகி, பிடித்த பிடியை விட முடியாமல் போகிறது. இது எவ்வளவு சொற்பமான அளவு என்றால், நம் வீட்டில் இரவு முழுவதும் எரிகிற 5 வாட் விளக்கு ஒன்றே சுமார் 22 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளுகிறது. ஈரமான உடம்பின் தடையை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இருதயத்தின் ஒழுங்கான துடிப்பைக் கலைத்துவிட அதில் ஒரு பகுதியே போதும். அளவுக்கு மீறின மின்சாரத்தைத் துண்டிப்பதற்காக மின் பலகையில் இருக்கிற 10 ஆம்பியர் எம்.சி.பி.யோ, 10,000 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட பின்னரே விழிக்கிற காவலாளி. கம்பி வெந்து தீப்பிடிக்காமல் காப்பது அதன் தொழில். மனிதனைக் காப்பது அதன் தொழிலன்று.

மனிதனைக் காப்பதற்கென்று ஏற்பட்ட சாதனம் ஆர்.சி.சி.பி.; பழைய வழக்கத்தில் பலர் இதையும் இ.எல்.சி.பி. என்றே சொல்லுகிறார்கள். போகிற மின்சாரத்தையும் திரும்பி வருகிற மின்சாரத்தையும் அது ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. போன கணக்கும் வந்த கணக்கும் ஒத்திருந்தால் பேசாமல் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது மண்ணுக்கோ மனித உடம்புக்கோ போயிருக்க வேண்டும் என்று கொண்டு, ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். டால்சீல் தம்முடைய ஆராய்ச்சியின் பயனாக 1961இல் இந்தத் தத்துவத்தில் இயங்குகிற ஒரு சாதனத்தை அமெரிக்க வீடுகளுக்காக அமைத்தார். வெளி விளக்குகளுக்கென்று 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும், 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றும் தனியாகப் பொருத்தி, வீட்டின் மற்ற இணைப்புகளிலிருந்து அந்த வழியைப் பிரித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் தோட்டத்தில் கோளாறு நேர்ந்தாலும் வீட்டுக்குள் இருள் சூழாது. ‘மழை பெஞ்சா சும்மா சும்மா விழுது சார், நேரா குடுத்துட்டேன்’ என்று எவராவது ஆர்.சி.சி.பி.யைத் தாண்டிக் கம்பியை இணைத்துவிட்டுப் போனால், அவர் கோளாறைச் சீர்செய்யவில்லை, கோளாறைச் சொன்ன வாயை அடைத்துவிட்டார் என்பதே பொருள்.

இங்கே மற்றொரு மயக்கத்தையும் தெளிவிக்க வேண்டும். இரும்பு விளக்குக் கம்பத்தின் அடியில் ஓர் இரும்புக் கம்பியைப் பூமியில் அறைந்து, அதைக் கம்பத்தோடு கட்டிவிட்டால் ‘எர்த்’ ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். அந்தக் கம்பிக்கும் பூமிக்கும் இடையே உள்ள தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், கம்பத்தில் மின்சாரம் ஏறியபோது பூமிக்குள் செல்லக்கூடியது 230ஐ 20ஆல் வகுக்க வருகிற 11.5 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, 11.3 ஆம்பியர் வரையில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும் என்பதும், 14.5 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதும் அதற்கு வகுத்த விதி. அப்படியானால், எம்.சி.பி. விழுமா விழாதா என்று தயங்கி நிற்கிற அந்த நேரம் முழுவதும் கம்பம் உயிர்க்கொல்லியாக நிற்கும். சாய்ந்து கொண்டு நிற்பவர் அதை அறிய மாட்டார். ஆகவே, பிரதான பலகையிலிருந்து பச்சை நிற எர்த் கம்பி விளக்கு வரையில் தொடர்ந்து வர வேண்டும். உலோகத் தூண்கள் அத்தனையும் அதில் இணைய வேண்டும். அதற்கும் மேல் ஆர்.சி.சி.பி. காவல் இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பியை மட்டும் விளக்குக்குக் கொண்டுபோய், மின்சாரம் திரும்பி வருகிற நியூட்ரல் கம்பிக்குப் பதிலாகப் பூமியையே உபயோகித்து விளக்கை எரிய வைக்கிற வழக்கம் எங்கேனும் இருக்குமானால், அது சிக்கனமன்று, மகாபாதகம்.

இனி, கடப்பாரையுடன் வருகிற அந்த மனிதரோடு நாமும் மேலிருந்து கீழே இறங்கிப் பார்ப்போம்.

ஒரு சாண் மண்ணை அகற்றி, ஓர் அடியை நெருங்கும்போது அவர் கண்ணில் முதலில் படவேண்டியது ஒரு பளிச்சென்ற பிளாஸ்டிக் பட்டை. ‘அபாயம், கீழே மின்சாரக் கேபிள்’ என்று அச்சிட்ட மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை நாடா, கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது. செலவில் மிக அற்பமானதும் பயனில் மிகப் பெரியதும் இதுவே. எழுத்தறியாதவரையும் அதன் நிறம் நிறுத்திவிடும். அதையும் கவனியாமல் வெட்டினால், இரண்டாவதாகக் கடப்பாரை மோதவேண்டியது வரிசையாகப் பதித்த செங்கல் அல்லது சிமென்ட் பலகை. மண்ணின் ஓசை மாறி ‘ணங்’கென்று கேட்கிறபோது, செங்கல்லை யாரோ காரணத்தோடுதான் இங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று எந்த வேலையாளும் ஊகித்துக்கொள்ளுவார். மூன்றாவது, செங்கல்லுக்குக் கீழே, சுற்றியிருக்கிற மண்ணுக்கு ஒவ்வாத சுத்தமான மணல். நான்காவது, கேபிளின் மேலேயே சுற்றப்பட்ட எஃகுக் கவசம். ஐந்தாவது, கவசத்தையும் கிழித்துவிட்டால், கணத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்று தவறினால் மற்றொன்று காப்பாற்றும்படி ஐந்து வாசல்களை அமைப்பதே இந்த வேலையின் தர்மம்.

கேபிளை எவ்வளவு ஆழத்தில் இடுவது? சாதாரண வீட்டு மின்னழுத்தத்துக்கு 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி, என்று இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1255 வகுத்திருக்கிறது, வண்டி போகும் சாலையைக் கடக்கிற இடத்தில் ஒரு மீட்டர். பூச்செடிக்குக் கொத்துகிற மண்வெட்டி அரை அடிக்கு மேல் போவதில்லை. தென்னைக்குப் பாத்தி கட்டுவதும் ஓர் அடிக்குள் அடங்கும். ஆனால் தென்னங்கன்று நடுவதற்கு நம்மவர் எடுக்கிற குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்பதை மறந்துவிடலாகாது. இரண்டரை அடியில் கிடக்கிற கேபிள் அந்தக் குழியின் நடுவிலே அகப்பட்டுக்கொள்ளும். ஆழம் ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. ஆகையால் வழியைத் தேர்ந்தெடுக்கிறபோதே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, நேர்கோடாக, மரங்களையும் கழிவுநீர்த் தொட்டியையும் தண்ணீர்க் குழாயையும் விட்டு விலகிச் செல்லும்படி தீர்மானித்துக்கொள்ள வேண்டும். குறுக்கே போனால் பத்தடி மிச்சமாகும் என்று தோட்டத்தின் நடுவே கோணல்மாணலாகக் கொண்டுபோவது, பின்னால் வருபவனுக்கு வைத்த கண்ணி.

பள்ளத்தின் அகலம் ஓர் அடிக்குச் சற்று மேற்பட்டு இருக்கட்டும். வெட்டிய பள்ளத்தின் அடியில் கூரான கல்லும் கண்ணாடித் துண்டும் ஓட்டுச் சில்லும் இல்லாதபடி பொறுக்கிவிட்டு, மூன்று அங்குலம் மணலைப் பரப்பி, அதன்மேல் கேபிளை இழுத்துக் கட்டாமல், பாம்பு ஊர்வதுபோலச் சற்றே தளர்வாக விட வேண்டும். கோடையில் வெடித்து மழையில் ஊதிப் பெருக்கிற கரிசல் மண்ணில், இறுக்கமாக இட்ட கேபிள் இழுபட்டுச் சிதையும். திருப்பங்களில் மடக்காமல், கேபிளின் குறுக்களவைப் போல் 12 மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைக்க வேண்டும். மேலே மறுபடி மூன்று நான்கு அங்குல மணல், செங்கல் வரிசை, சலித்த மண், நாடா, மீண்டும் மண் என்று அடுக்கடுக்காகத் திமிசு போட்டு நிரப்புவது முறை. கடற்கரை மணல் கூடாது. அதிலுள்ள உப்பு, கவசத்தை அரித்துவிடும்.

கேபிளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சுவருக்குள் ஓடுகிற வயர் சுவருக்காகவே செய்யப்பட்டது. அதை ஒரு பி.வி.சி. பைப்பில் நுழைத்துவிட்டால் மண்ணுக்கு ஏற்றதாகிவிடும் என்று எண்ணுவது தவறு. பைப்பின் மூட்டுகளில் நீர் புகும், உள்ளே இருக்கும் காற்றின் ஈரமும் குளிர்ந்து நீராகும், நாளடைவில் வயர் குளத்தில் மூழ்கிக் கிடப்பது போலாகும். பெருச்சாளியும் கரையானும் செய்கிற சேதம் வேறு. மண்ணுக்கென்று ஏற்பட்டது, எஃகுக் கவசம் பூண்ட ‘ஆர்மர்டு’ கேபிள், ஐ.எஸ். 1554 அல்லது ஐ.எஸ். 7098 என்னும் தர எண் அதன் மேலுறையில் பொறித்திருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் மூன்று கம்பிகள் அடங்கிய கேபிள் பெரும்பாலும் போதும்: போக ஒன்று, திரும்ப ஒன்று, எர்த்துக்கு ஒன்று. கவசத்தையும் எர்த்தோடு இணைத்துவிட வேண்டும். அப்போதுதான் கடப்பாரை கிழித்துக்கொண்டு உள்ளே போகும்போது, முதலில் எர்த் ஆன எஃகைத் தொட்டுவிட்டுப் பிறகே மின்சாரத்தைத் தொடும். தொட்ட மாத்திரத்தில் காவல் சாதனங்கள் விழுந்துவிடும்.

நியூயார்க்கின் அந்த இணைப்புப் பெட்டியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் ஜாயின்ட் போடாமல் இருப்பதே முதல் விதி. இன்சுலேஷன் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது நீரைத் தடுப்பதில்லை. நீர் செப்பு இழைகளுக்கிடையே ஊர்ந்து ஏறி, செம்பைப் பச்சையாகவும், அலுமினியத்தை வெள்ளைப் பொடியாகவும் ஆக்கி, ஒரு வருஷத்திலோ மூன்று வருஷத்திலோ மண்ணுக்கு வழி திறந்துவிடும். ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குப் போக வேண்டுமானால், கேபிளைத் தரைக்கு மேல் கொண்டுவந்து, விளக்கின் பெட்டிக்குள் இணைத்து, மீண்டும் மண்ணுக்குள் இறக்குவதுதான் நேரான வழி. தவிர்க்கவே முடியாத இடத்தில், ரெசின் வார்த்து மூடுகிற ஜாயின்ட் கிட்டை உபயோகித்து, அந்த இடத்தின் மேலே ஓர் அடையாளக் கல்லும் நட்டுவிட வேண்டும். கேபிள் மண்ணிலிருந்து வெளிப்படுகிற இடமும் பலவீனமானது. அங்கே கனத்த குழாயைப் போர்த்தி, பெட்டிக்குள் நுழைகிற வாயில் கேபிளை இறுகப் பிடிக்கிற கிளாண்ட் பொருத்தி, மழைத் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலாகவே பெட்டியை வைக்க வேண்டும்.

விளக்கை வாங்கும்போது அதன் அழகைப் பார்ப்பதோடு, அதன் மேல் பொறித்த ஐ.பி. எண்ணையும் பார்க்க வேண்டும். முதல் இலக்கம் தூசியையும், இரண்டாவது இலக்கம் நீரையும் குறிக்கும். ஐ.பி. 65 என்றால் பீய்ச்சி அடிக்கிற நீரைத் தாங்கும். சுவரிலும் தூணிலும் அது போதும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். தரையோடு தரையாகப் பதிக்கிற விளக்குக்கு அதற்குக் குறைந்தது உதவாது. அதன் அடியில் ஜல்லி நிரப்பி நீர் வடிய வழி செய்வதும் அவசியம்.

பாதையோரத்துச் சிறு விளக்குகளுக்கு மாத்திரம் என்றால், 230 வோல்ட்டைத் தோட்டத்துக்குள் கொண்டுபோகாமலே காரியத்தை முடிக்கலாம். வீட்டுக்குள் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை வைத்து, 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்து அனுப்பினால், கேபிளை வெட்டினவருக்கும் உயிருக்கு மோசம் வராது. அமெரிக்க மின் விதிகள் சாதாரணக் கேபிளை நேராகப் புதைப்பதற்கு 24 அங்குல ஆழம் கேட்கிற இடத்தில், 30 வோல்ட்டுக்கு உட்பட்ட தோட்ட விளக்குக் கேபிளுக்கு 6 அங்குலமே போதும் என்று விடுவதிலிருந்து இதன் பாதுகாப்பை உணரலாம். ஆனால் இதிலும் ஒரு கணக்கு உண்டு. 60 வாட் விளக்குகளுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அனுப்பினால், போய் வருகிற வழியிலேயே சுமார் 3.6 வோல்ட் செலவாகி, கடைசி விளக்கு மங்கிப்போகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 1.4 வோல்ட்டே குறையும். ஆகவே தூரம் அதிகமானால் கனத்த கம்பியோ 24 வோல்ட்டோ வேண்டும். குளத்துக்கும் தொட்டிக்கும் உள்ளே வைக்கிற விளக்குகளுக்கு இந்தக் குறைந்த மின்னழுத்தத்தைத் தவிர வேறொன்றை நினைத்தும் பார்க்கக் கூடாது.

பள்ளத்தை மூடுவதற்கு முன் ஒரு பரிசோதனை உண்டு. மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட்டில் கேபிளின் காப்புத் தடையை அளந்து, அது 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுக் கேபிளில் அது இன்னும் பல மடங்கு மிகுதியாகவே காட்டும். மூடியபின் இன்னொரு முறை அளந்தால், மண் தள்ளும்போது காயம் பட்டதா என்பதும் தெரிந்துவிடும். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. இந்த வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும், தகுதிச் சான்று பெற்ற வயர்மேனும்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். பள்ளம் வெட்டுவதும் மணல் பரப்புவதும் செங்கல் அடுக்குவதும் வீட்டாரும் கூட நின்று செய்யக்கூடியவை. இணைப்பும் அளவையும் அப்படியல்ல. வயர்மேனிடம் ‘எரியுதா’ என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல், ‘மெகர் என்ன காட்டிச்சு, எர்த் எங்கே சேர்த்திருக்கீங்க’ என்று கேட்கிற வீட்டுக்காரருக்கு வேலை நன்றாக நடக்கும்.

கடைசியாக ஒன்று. பள்ளம் திறந்திருக்கும்போதே, கேபிள் போகிற வழியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு காகிதத்தில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, சுவரிலிருந்து எத்தனை அடி தூரம், எவ்வளவு ஆழம், எந்தத் தேதியில் இட்டது என்று குறித்து, மீட்டர் பலகையின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டை விற்கும்போது பத்திரங்களோடு அதன் நகலையும் கொடுங்கள். வழியின் இரு முனைகளிலும் திருப்பங்களிலும் ஒவ்வொரு கல்லை நட்டு, அதில் மின்னல் குறியை வரைந்துவிடுங்கள். இவற்றுக்கு ஆகிற செலவு, நீங்கள் வாங்குகிற விளக்குகளில் ஒன்றின் விலைகூட இராது. நம் வாசலில் எரிகிற விளக்கு நமக்கு வெளிச்சம் தருகிறது. அதன் கம்பி எங்கே போகிறது என்று எழுதிவைத்த காகிதமோ, நாம் ஒருபோதும் சந்திக்கப் போகாத ஒருவர் மாலையில் தம் வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கு வழி செய்கிறது. அந்தக் காகிதத்தை எழுதி ஒட்டிய பிறகே பள்ளத்தை மூடுங்கள்.